ஐந்தாவது ஆள்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சில சட்டதிட்டங்கள் உண்டு. யாரும் அச்சடித்துக் கையில் கொடுத்தவை அல்ல, அடிபட்டுத் தெரிந்துகொள்பவை. அவற்றில் ஒன்று இது: கதாநாயகனைக் கஷ்டத்தில் மாட்டிவைக்கத் தற்செயலை எத்தனை தடவை வேண்டுமானாலும் துணைக்குக் கூப்பிடலாம், கஷ்டத்திலிருந்து மீட்பதற்கு மட்டும் கூப்பிடக் கூடாது. ரயில் தவறட்டும், கடிதம் கை மாறட்டும், மழை கொட்டட்டும். வாசகர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் கடைசி அத்தியாயத்தில் எதிராளிகள் அத்தனை பேர் தலையிலும் கூரை இடிந்து விழுந்தது, கதாநாயகன் மாலையும் கழுத்துமாக நின்றான் என்று எழுதிப் பாருங்கள். பத்திரிகாசிரியர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்புகிற வேகத்தைப் பார்க்கலாம்.

உண்மையில் நடக்கிற காரியங்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. 2002-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி, அமெரிக்காவில் ஸால்ட் லேக் நகரத்தில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாக்காரரான ஸ்டீவன் பிராட்பரி என்பவர் 1000 மீட்டர் ஸ்கேட்டிங் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். எப்படிப் பெற்றார் என்பதுதான் விஷயம். முன்னால் போய்க்கொண்டிருந்த நான்கு பேரும் கடைசி வளைவில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஐந்தாவதாக, தன்னந்தனியாகப் பின்னால் வந்துகொண்டிருந்த பிராட்பரி கோட்டைக் கடந்தார்.

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவன் என் சகோதரி மகன். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மாமா, இதைப் பாருங்க. கடைசியில வர்றவன் ஜெயிக்கிறான்" என்றான். ஒன்றரை நிமிஷம் ஓடுகிற படம். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சிரித்து முடித்த பிறகு எனக்கு ஓர் அரிப்பு எடுத்துக்கொண்டது. தொழில் தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடைசி அத்தியாயம் இப்படியென்றால் முன் அத்தியாயங்கள் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. அந்த ஏமாற்றத்தைத்தான் இங்கே உங்களோடு பங்கிட்டுக்கொள்ளப் போகிறேன்.

முதலில் பந்தயத்தைப் பற்றி. நமக்குப் பனிக்கட்டி என்றால் சாக்கில் சுற்றி மரத்தூள் தூவி வைத்திருப்பது. அதன்மேல் ஓடுவதாவது என்றுதான் தோன்றும். ஸ்கேட்டிங் பந்தயங்களில் இரண்டு வகை. ஒன்று பெரிய மைதானத்தில், இருவர் இருவராக, தனித்தனித் தடத்தில், கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓடுவது. அதில் அண்டை அயலாருடன் வம்பு கிடையாது. மற்றது ஷார்ட் டிராக். 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு பனித்தரை. அதற்குள் 111 மீட்டருக்குச் சற்றே கூடுதலான சுற்றுப் பாதை. அதில் நாலைந்து பேர் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் முந்த வேண்டும். 1000 மீட்டருக்கு ஒன்பது சுற்று. காலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள, முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவான எஃகுத் தகடு. நெஞ்சு தரையைத் தொட்டுவிடும் போல உடம்பைச் சாய்த்து, இடக் கை விரல்களால் பனியைத் தடவிக்கொண்டே வளைவில் திரும்புகிறார்கள். அந்தக் கையுறையின் விரல் நுனிகளில், வழுக்கிக்கொண்டு போவதற்காகக் கெட்டியான குமிழ்கள் வைத்திருக்கிறது. வேகமோ மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறையாது.

ரேக்ளாப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நேர்ப் பாதையில் எல்லா மாடுகளும் சாதுதான். எல்லைக்கல்லில் திரும்பும்போதுதான் அச்சு முறிவதும், வண்டி சாய்வதும், ஊர்ச் சண்டையும். ஷார்ட் டிராக்கில் பாதிக்குப் பாதி எல்லைக்கல்தான். அதனால் விழுவது அங்கே விபத்தல்ல. ஆட்டத்தில் ஓர் அங்கம். ஒருவர் விழுந்தால் நடுவர்கள் கூடி, யார் யாரைத் தடுத்தார் என்று விசாரித்து, குற்றவாளியை நீக்குவார்கள். பாதிக்கப்பட்டவரை அடுத்த சுற்றுக்கு அனுப்புவதும் உண்டு. பந்தயம் முடிந்த பிறகும் பந்தயம் முடியாது. 1992-ல் பிரான்ஸ் தேசத்து ஆல்பர்வில்லில்தான் இதை முதல்முதலாகப் பதக்கத்துக்குரிய ஒலிம்பிக் பந்தயமாகச் சேர்த்தார்கள்.

அந்த ஆல்பர்வில்லில் பிராட்பரியும் இருந்தார். வயது 18. அதற்கு முந்தின ஆண்டு, 1991-ல், ஸிட்னியில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலிய அணி 5000 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் முதலாவதாக வந்திருந்தது. வெயிலுக்கும் கடற்கரைக்கும் பேர் போன தேசம் ஒரு குளிர்காலப் பந்தயத்தில் உலகப் பட்டம் வாங்கியது அதுவே முதல் தடவை. அந்த அணியில் பிராட்பரியும் ஒருவர். உலகப் பட்டத்தோடு ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அங்கே அரையிறுதியில் அணித் தோழர் ஒருவர் நிலைதடுமாறி விழ, அத்தோடு முடிந்தது. பிராட்பரி அதிலும் மாற்று ஆளாக வெளியே உட்கார்ந்திருந்தார். கூப்பிடவே இல்லை.

1994-ல் நார்வேயில் லில்லிஹாமர் ஒலிம்பிக். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அஞ்சல் ஓட்டத்தின் இறுதிப் பந்தயத்துக்கு ஆஸ்திரேலியர்கள் போட்டுக்கொண்ட திட்டம் என்ன தெரியுமா? முதலில், விழாமல் இருப்பது. அடுத்து, நடுவரிடம் மாட்டாமல் இருப்பது. இரண்டும் கைகூடினால், மற்ற மூன்று அணிகளில் ஒன்றையாவது முந்துவது. அவ்வளவுதான்! வீரப் பிரதாபம் பேசுகிறவர்களுக்கு ருசிக்காத திட்டம். ஆனால் கனடா அணி விழுந்தது. கடைசிக் கட்டத்தில் இரண்டாம் இடத்துக்காக அமெரிக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நிஸியெல்ஸ்கி என்ற ஆஸ்திரேலியர், ஆல்பர்வில்லை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினார். மூன்றாம் இடம். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அந்த வெண்கலம். ஸால்ட் லேக்கில் நடந்ததைக் குருட்டு யோகம் என்கிறவர்கள் எட்டு வருஷத்துக்கு முந்திய இந்த ஒத்திகையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதே வருஷம் கனடாவில் மான்ட்ரியால் நகரத்தில் ஒரு போட்டி. மோதலில், இன்னொருவர் காலிலிருந்த தகடு பிராட்பரியின் தொடையில் புகுந்து வெளியே வந்தது. தொடையின் முன்பக்கத்துச் சதை முழுவதும் அறுந்தது. நான்கு லிட்டர் ரத்தம் போயிற்று. ஒரு மனிதனின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர் என்று படித்திருக்கிறோம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நினைவு தப்பினால் திரும்பி எழ மாட்டோம் என்ற பயத்தில் கண்ணை மூடாமல் கிடந்ததாக அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். 111 தையல். சுற்றுப் பாதையின் நீளமும் அதே 111 மீட்டர். கதையில் நான் இப்படி எழுதினால் செயற்கை என்று அடித்துவிடுவார்கள். அந்தக் கால் பழைய பலத்துக்கு வர ஒன்றரை வருஷம் பிடித்தது.

1998-ல் ஜப்பானில் நாகானோ. மூன்றாவது ஒலிம்பிக். ஒன்றும் கிட்டவில்லை.

2000-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அவருடைய சொந்த தேசத்தில்தான் அப்போது கோடைக்கால ஒலிம்பிக் திருவிழா. உலகமே ஸிட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிராட்பரி பயிற்சியில் இருந்தார். முன்னால் போனவர் விழுந்தார். அவரைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தார் பிராட்பரி. கால் இடறித் தலை முதலில் பக்கத் தடுப்பில் போய் மோதியது. கழுத்தில் நான்காவது எலும்பும் ஐந்தாவது எலும்பும் முறிந்தன. மண்டையோட்டில் நான்கு இடத்தில் திருகாணி முடுக்கி, தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம் மாட்டி, கழுத்து இம்மி அசையாதபடி ஒன்றரை மாதம் வைத்திருந்தார்கள். இனிமேல் பனித்தரைப் பக்கமே போகாதே என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? நானாக இருந்தால் அந்த உலோக வளையத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அவருக்கு இன்னொரு ஒலிம்பிக் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. தங்கத்துக்காக அல்ல. பழைய மாதிரி ஒரு பந்தயம் ஒழுங்காக ஓடிவிட்டு, தலைநிமிர்ந்து விடைபெற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. அதற்காகப் பதினெட்டு மாதத்துக்குள் மறுபடியும் தகட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஜீவனத்துக்கு அவர் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேட்டிங் காலணி செய்கிற ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். வாடிக்கைக்காரர்களில் ஒருவர் அமெரிக்காவின் அபோலோ ஓனோ. வயது 19, அந்த ஒலிம்பிக்கின் செல்லப் பிள்ளை. நீ ஜெயித்து மேடை ஏறினால் என் காலணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லு என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தார் பிராட்பரி. ஜெயிக்கப் போவது யார் என்பதில் அவருக்கு அவ்வளவு தெளிவு.

இனி அந்த மாலைப்பொழுது. காலிறுதி, அரையிறுதி, இறுதி, மூன்றும் ஒரே மாலையில். காலிறுதியில் பிராட்பரிக்கு மூன்றாம் இடம். அடுத்த சுற்றுக்குப் போவது இரண்டே பேர். மூட்டை கட்டியிருப்பார். ஆனால் முந்தி வந்திருந்த கனடாவின் மார்க் காஞ்யோனை, இன்னொருவரைத் தடுத்தார் என்று நடுவர்கள் நீக்கிவிட்டார்கள். அரையிறுதிக்கு முன்னால் பிராட்பரி தம் பயிற்சியாளரான ஆன் ஜாங் என்ற அம்மையாரோடு கலந்து யோசித்தார். வயது 28. தொடையில் தழும்பு, கழுத்தில் முறிவு. ஒரே மாலையில் மூன்று தடவை முழு வேகத்தில் ஓட இந்த உடம்பு கேட்காது. முன்னால் ஓடுகிறவர்களோ தங்கம் இல்லாவிட்டால் வேறெதுவும் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள். கடைசி நேரத்தில் அவர்களில் ஒருவரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. எனவே அவர்கள் நெருக்கியடித்துக்கொள்ளட்டும்; நாம் விலகிப் பின்னால் நிற்போம்; யாராவது விழுந்தால் நமக்கு ஓர் இடம். இதுதான் முடிவு.

அரையிறுதியில் மூன்று பேர் விழுந்தார்கள். முந்தின ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் தங்கம் வாங்கிய தென் கொரியாவின் கிம் டாங்சங் அவர்களில் ஒருவர். பிராட்பரி இறுதிப் பந்தயத்துக்கு வந்துவிட்டார்!

இறுதிப் பந்தயத்தில் ஐந்து பேர். ஓனோ, சீனாவின் லீ ஜியாஜுன், கனடாவின் மாத்யூ டர்காட், தென் கொரியாவிலிருந்து ஆன் ஹியுன்சூ என்ற 16 வயதுப் பையன், பிராட்பரி. கடைசிச் சுற்று. பிராட்பரி 15 மீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தார். லீ வெளிப்புறமாக ஓனோவை முந்தப் பார்த்தார், உரசல், லீ சரிந்தார். அதே கணத்தில் உட்புறமாக நுழைந்த கொரியப் பையன் வழுக்கி, ஓனோவையும் டர்காட்டையும் தன்னோடு வாரிக்கொண்டு போனான். எல்லாம் ஒரு கண் சிமிட்டுகிற நேரம். தடுப்பு மெத்தைமேல் நான்கு பேர் குவியலாகக் கிடக்க, அந்தக் குவியலுக்கும் கோட்டுக்கும் நடுவே நிமிர்ந்தபடி பிராட்பரி வழுக்கிக்கொண்டு வந்தார். 1 நிமிஷம் 29.109 விநாடி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய முதல் மனிதர்.

படத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். என் மருமகன் நான்கு பேர் விழுவதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான். நான் அதற்கடுத்த சில விநாடிகளைச் சொல்கிறேன். கை உயர்கிறது, ஆனால் முழுசாக உயரத் தயங்குகிறது. திருட்டுச் சொத்தைக் கையில் வாங்கியவன் போல ஒரு விழிப்பு. கொண்டாடுவதா, எங்கேயாவது மூலையில் போய் ஒளிந்துகொள்வதா என்று தெரியவில்லை என்று பின்னால் சொன்னார். பதக்கத்தை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா என்ற கேள்வியே அவருக்குள் எழுந்திருக்கிறது. கடைசியில், ஓடிய ஒன்றரை நிமிஷத்துக்காக இதை வாங்கிக்கொள்ளவில்லை, அதற்கு முன் பாடுபட்ட பத்து வருஷத்துக்காக வாங்கிக்கொள்கிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மேடை ஏறினார்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவாக இருந்தால் இங்கேயே உழைப்பின் மேன்மையைப் பற்றி நாலு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் எனக்கு லீ ஜியாஜுன் குறுக்கே வந்து நிற்கிறார். அவரும் பத்து வருஷத்துக்குக் குறையாமல் பாடுபட்டவர்தான். 1998, 2002, 2006 என்று மூன்று ஒலிம்பிக்கில் அவர் பெற்ற பதக்கங்கள் ஐந்து. அதில் தங்கம் ஒன்றுகூட இல்லை. அன்று அந்த வளைவில் விழுந்ததும் அல்லாமல், தடுத்த குற்றத்துக்காக நடுவர்கள் அவரை நீக்கியும்விட்டார்கள். அவருடைய உழைப்பு எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது? ஓனோ தொடையில் வெட்டுக் காயத்தோடு தவழ்ந்து வந்து வெள்ளி பெற்றார். நான்கே நாள் கழித்து, 1500 மீட்டரில், முதலில் கோட்டைத் தொட்ட கிம் டாங்சங்கை நடுவர்கள் நீக்க, தங்கம் ஓனோவுக்கு வந்தது. கொரியாவில் வெகு நாள்வரை அந்த ஆத்திரம் தணியவில்லை. மெத்தையில் கிடந்த பையன் ஆன் ஹியுன்சூவோ 2006-ல் மூன்று தங்கம் வாங்கினான். பிறகு முழங்காலை முறித்துக்கொண்டு, சொந்த தேசத்து அணியில் இடம் கிடைக்காமல், ருஷ்யாவின் பிரஜையாகி, விக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு, 2014-ல் அந்த நாட்டுக்கு மூன்று தங்கம் வாங்கிக் கொடுத்தான். அது தனிக் கதை. ஒரு நாவலுக்குக் காணும்.

ஆகவே உழைத்தவனுக்குக் கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உழைத்தவர்கள் ஐந்து பேர்; கிடைத்தது ஒருவருக்கு. வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லவும் மனசு ஒப்பவில்லை. மான்ட்ரியாலில் ஒரு மோதல், தொடை போயிற்று. பயிற்சியில் முன்னால் போனவர் விழுந்தார்; கழுத்து போயிற்று. ஸால்ட் லேக்கில் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள், தங்கம் வந்தது. மூன்றும் ஒரே கடைச் சரக்கு. முதல் இரண்டையும் மறந்துவிட்டு மூன்றாவதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு சிரிப்பது என்ன நியாயம்?

எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. தாம் ஐந்து பேரில் ஐந்தாவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறர் சொல்லித் தெரிந்ததல்ல. கூச்சமில்லாமல் தாமே அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்படித் தெரிந்தும் வராமல் இருந்துவிடவில்லை. வந்த பிறகு முதல்வன் போல நடிக்கவும் இல்லை. எங்கள் தொழிலில் இது அபூர்வம். ஐந்து எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, அவரவர் தகுதிப்படி வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். முதல் இடத்தில் ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் ஈ காக்கை இராது. அந்த நெருக்கடியில்தான் நாங்கள் விழுவதும். நானும் அந்தக் கும்பலில் ஒருவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

பந்தயம் முடிந்த கையோடு ஆஸ்திரேலியத் தபால் இலாகா அவர் படம் போட்டு 45 சென்ட் முத்திரை வெளியிட்டது. அந்த ஒலிம்பிக்கோடு அவர் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவர் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. எதிர்பாராமல், பிறர் சறுக்கியதால் ஒருவனுக்கு யோகம் அடித்தால், 'பிராட்பரி பண்ணிவிட்டான்' என்பது அந்த நாட்டுப் பேச்சு வழக்காகிவிட்டது. தேர்தலில் ஜெயித்தவனுக்கும் சொல்கிறார்கள், கிரிக்கெட்டில் ஜெயித்தவனுக்கும் சொல்கிறார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய் மேடையில் தம் கதையை, சிரிப்புக்குச் சிரிப்பும் சேர்த்துத்தான் சொல்லிவந்திருக்கிறார்.

2022-ம் ஆண்டு மார்ச் மாதம், குவீன்ஸ்லாந்தில் கலௌண்ட்ரா கடற்கரையில், மகனோடு அலைச்சறுக்குப் பலகை எடுத்துக்கொண்டு போனவர், நான்கு இளம் பெண்கள் இழுப்பில் மாட்டித் தத்தளிப்பதைப் பார்த்தார். பலகையோடு பாய்ந்து, நான்கு பேரும் கரையேற உதவினார். அதற்காக 2023-ல் அந்த நாட்டு அரசாங்கம் வீரச் செயலுக்குரிய பாராட்டு வழங்கியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. தலைப்பில் ஒலிம்பிக் வீரர் என்றும், உள்ளே அந்த நான்கு பேர் விழுந்த கதையும் போட்டிருந்தார்கள்.